சத்தத்தை எடுத்துட்டுப் பாரு

என் கல்யாணம் பதினோரு நாள் இருக்கும்போது நின்றுபோனது. கொரியா சீரியல் பைத்தியம் பிடித்த ஒரு பொம்பளை சொல்லிக்கொடுத்துத்தான் நான் நிறுத்தினேன் என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் பேச்சு. மீன் வாங்கும்போது பேசுகிறார்கள், பூசை முடிந்து கோயில் படி இறங்கும்போது பேசுகிறார்கள். என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, "அந்த சீரியல்காரி இன்னும் இங்க வந்து போறாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் காப்பி டம்ளரைக் கையில் எடுத்தார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அந்த அக்காவை ஒருநாள்கூடப் பார்க்காதவர்கள் பேசுவதை, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த நான் எவ்வளவு காலம் கேட்டுக்கொண்டிருப்பது? அதனால் எழுதுகிறேன். பேர் மட்டும் எழுதமாட்டேன். அவர் பேரை இந்த ஊர் இழுத்தது போதும்.

மறைமலைநகரில், கார்களுக்கு வயர் கட்டித் தரும் கம்பெனி ஒன்றில் நாங்கள் வேலை பார்த்தோம். காலை ஐந்து பத்துக்குச் செங்கல்பட்டில் கம்பெனி பஸ். அக்கா ராட்டிணங்கிணறில் ஏறி, இடதுபக்கம் நான்காவது சீட்டில் ஜன்னலோரம் உட்காருவார். டிபன் பையை மடியில் வைத்து, அதன்மேல் போனைச் சாய்த்துக்கொள்வார். பரனூர் டோல்கேட் வருவதற்குள் கொரியாவோ சீனாவோ ஜப்பானோ அந்தப் பையின்மேல் ஓட ஆரம்பித்துவிடும்.

அந்தப் போனில் சத்தம் வராது. ஒருதரம் இட்லி மாவு குண்டானில் விழுந்ததில் ஸ்பீக்கர் போய்விட்டது. ரிப்பேருக்குக் கொடுக்கவேயில்லை.

"சரி பண்ணிக்கக் கூடாதாக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அவன் பேசற பாஷையும் எனக்குத் தெரியாது. கீழ ஓடற இங்கிலீஷு, நான் மொத எழுத்தக் கூட்டறதுக்குள்ள பஸ்ஸு புடிச்சுப் போயிடுது. கை பேசுது, கண்ணு பேசுது. எனக்கு அது போதும்."

எங்களுக்குத்தான் போதவில்லை. அதனால் வசனத்தை அவரே சொல்லுவார். கோட்டு போட்ட முதலாளி ஒருவர் சோபாவில் உட்கார்ந்து மகனை முறைத்தால், "ஏன்டா நைனா, துன்னுட்டுத் துன்னுட்டு வூட்ல படுத்துகினு கீறியே, கம்பெனிக்கு எவன்டா போவான்?" என்பார். பின்சீட்டு வரைக்கும் சிரிப்பு போகும். என் தோழி செல்வி அதே தொடர்களைத் தமிழ் டப்பிங்கில் பார்ப்பவள். அவளால் பொறுக்க முடியாது.

"அக்கா, அவன் அவளோட புருஷன் இல்லக்கா. தம்பி."

"தம்பியா? அப்ப அந்தப் பார்வைய மாத்திக்கச் சொல்லு."

டப்பிங்கைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "சோறு துன்ன வாடின்னு கூப்பிட வேண்டியதுக்கு, 'உணவருந்த வருகிறாயா'ன்றான். எவ வருவா?" என்பார்.

எல்லாவற்றுக்கும் ஓர் அபிப்பிராயம் வைத்திருந்தார். யாரும் கேட்கவேண்டியதில்லை. மறதி வியாதி அந்த ஊர்த் தண்ணீரிலேயே கலந்திருக்கிறது, பத்தாவது எபிசோடு ஆனால் எவனாவது ஒருவனுக்கு வந்துவிடும் என்பார். சீனாக்காரர்களின் ராஜா காலத்துத் தொடர் பார்த்தால், "மலை உச்சியில இருந்து வுழுந்து எழுந்திரிக்கிறா, ஒரு முடி கலையல. எனக்கு பஸ்ஸு ஏறி எறங்கறதுக்குள்ள கொண்டை அவுந்து பூடுது" என்று அலுத்துக்கொள்வார். பணக்கார மாமியார், ஏழைப் பெண்ணைக் கூப்பிட்டு என் மகனை விட்டுவிடு என்று கவரை நீட்டி, மூஞ்சியில் தண்ணீரை ஊற்றுவாளே, அதில் மட்டும் அக்கா மாமியார் கட்சி. "நம்மூர்ல கட்டிக்கறதுக்கு டப்பு கேக்கறாங்க. அங்க கட்டிக்காதேன்னு டப்பு குடுக்கறாங்க. எந்த ஊரு மேலு, நீயே சொல்லு. நானா இருந்தா கவர வாங்கிப் பையில போட்டுகினு, அந்தத் தண்ணியையும் அவ ஊத்தறதுக்கு மின்ன குடிச்சிட்டு வந்திருப்பேன்."

ஒருநாள் ஜப்பான் படம் ஒன்று பார்த்தார். சிங்கப்பெருமாள் கோயில் கேட்டில் பஸ் நின்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன கதை என்று கேட்டேன்.

"கதையா? ஒரு ஆளு ரயில்ல வேலைக்குப் போறான். வர்றான். சட்டைய மடிக்கிறான். முட்டை பொரிக்கிறான். முடிஞ்சு போச்சு."

"இதுக்கா அழறீங்க?"

"அந்த முட்டைய ரெண்டா வெட்டி, ஒரு பாதிய எதிர்த்தட்டுல வச்சான். எதிர்ல யாருமே இல்ல."

நான் என் போனில் காதல் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த முட்டையை வெகுநாள் கழித்துத்தான் நினைத்துப் பார்த்தேன்.

அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. கதாநாயகன், கதாநாயகியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் அந்தத் தொடர் அதோடு சரி. விரலை வைத்து நிறுத்துவார், போனிலிருந்தே அழித்துவிடுவார். கொரியாத் தொடர் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த இழுப்பு இல்லாத தொடர் அபூர்வம். எங்களுக்கெல்லாம் அதுதான் பிடித்த கட்டம். மழையில் இழுப்பான், ஆபீஸ் நடுவில் எல்லோரும் பார்க்க இழுப்பான், நாங்கள் தலையணையைக் கட்டிக்கொள்வோம். அக்கா ஒருமுறை பதினாறு எபிசோடுத் தொடரைப் பதினைந்தாவதில் அழித்துவிட்டார். செல்விக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணுதானேக்கா பாக்கி. பதினஞ்சு பார்த்தது வீணாப் போகலயா?"

"பதினஞ்சு பார்த்தேன்றதுக்காக பதினாறாவதையும் பாக்கணுமா? அவளுக்கு வாய் கீது, காது கீது. நில்லுன்னு சொல்லு, வான்னு கூப்புடு. வர்றதும் வராததும் அவ பாடு. அவ என்ன டிபன் பையா, கையோட தூக்கிகினு போக?"

அக்காவுக்கு வாழ்க்கை சரியில்லை, புருஷன் விட்டுவிட்டான், அதுதான் இப்படி என்று பஸ்ஸில் ஒரு கதை உண்டு. நானும் நம்பினேன். மதியம் ஷிப்ட் முடிந்து திரும்பும் பஸ் ராட்டிணங்கிணறில் நிற்கும்போது ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ஷேர் ஆட்டோவோடு ஒருவர் காத்திருந்தார். அக்கா இறங்கியதும் உள்ளங்கையை நீட்டினார். அக்கா செல்வியோடு பேசி முடிக்கிறவரை நீட்டியபடியே நின்றார். பிறகு அக்கா டிபன் பையை அதில் வைத்தார். அவர்தான் புருஷன். பஸ்ஸில் கதை கட்டியவர்களிடம் இதைச் சொன்னேன், யாருக்கும் அது சுவாரசியமாக இல்லை.

எங்கள் லைனில் ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. மேலே தமிழில் பெரிய போர்டு: 'தவறைக் கண்டால் லைனை நிறுத்துங்கள்.' நிறுத்தினால் ஒரு ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். மூன்று கட்டம். நேரம், நிறுத்தியவர், காரணம். யாரும் நிறுத்தமாட்டார்கள். நிறுத்தினால் டார்கெட் போகும், சூப்பர்வைசர் ஓடிவந்து கத்துவார். அந்த போர்டு வெளியாட்கள் வந்தால் காட்டுவதற்கு என்று எல்லோருக்கும் தெரியும், அக்காவைத் தவிர. கனெக்டர் பூட்டும்போது 'டிக்' சத்தம் கேட்கவில்லை என்றால் அமுக்கிவிடுவார். ஒருதரம் பெட்டி முழுக்கத் தப்பான கனெக்டர் வந்திருந்தது, அவரால்தான் தெரிந்தது. இன்னொரு தரம் பீஸ் சரியாகத்தான் இருந்தது, அக்காவின் கணிப்புதான் தப்பு, இருபது நிமிஷம் லைன் நின்றது. எல்லோரும் திட்டினோம்.

"தப்பா நிறுத்தினா திரும்ப ஓட்டிக்கலாம். தப்பா ஓட்டினா, கேட்டு தாண்டிப் போன கார எங்க போய்த் தேடுவ?" என்றார். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை.

அப்புறம் அந்த நாள் வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி டேப் சுற்றுவது சரியில்லை என்று சூப்பர்வைசர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "இப்படிச் சுத்து" என்று இழுத்து இழுத்துக் காட்டினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது. லைன் முழுக்க நின்றுவிட்டது. அக்கா போய் ரெஜிஸ்டரை எடுத்து, கொட்டை எழுத்தில் எழுதினார். காரணம்: சூப்பர்வைசர் கையைப் பிடித்தார்.

மேலே கூப்பிட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்களாம். சூப்பர்வைசரிடம் நாங்கள் சொல்லிவிட்டோம், இனிமேல் நடக்காது, நீங்கள் அந்தக் காரணத்தை மட்டும் 'கனெக்டர் கோளாறு' என்று மாற்றி எழுதிவிடுங்கள் என்றார்களாம். அக்கா மாட்டேன் என்றுவிட்டார். அடுத்த வாரம் லைனிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள். அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. லைனுக்கான ஊக்கத்தொகை போயிற்று.

"மாத்தி எழுதிட்டுப் போயிருக்கலாம்லக்கா. இன்னா கொறைஞ்சிடும்?" என்று நான்தான் கேட்டேன்.

"கனெக்டர்னு எழுதினா கனெக்டர சரி பண்ணுவாங்க. கைய யாரு சரி பண்ணுவா?" என்று சொல்லிவிட்டுப் போனைப் பையின்மேல் சாய்த்தார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பக்கத்துக் கம்பெனியில் வேலை, பைக், ஒரே மகன். எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று பூசையில் அறிவிப்பார்கள். முதல் ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடித்து, பஸ்ஸில் வரும் நாங்கள் எட்டுப் பேர் மாமல்லபுரம் போனோம். மணலில் வட்டமாக உட்கார்ந்து வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தோம். மாப்பிள்ளை பைக்கில் வந்து நின்றார். நான் வரச் சொல்லவில்லை.

"வா, போலாம்."

"அரை மணி நேரங்க. சாப்பிட்டு வந்துடறேன்."

அவர் நேராக வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். இரண்டு வளையல் உடைந்தது. பெண்களெல்லாம் ஓவென்று கத்திக் கைதட்டினார்கள். செல்வி அதைப் போனில் எடுத்து, ஒரு கொரியாப் பாட்டைப் பின்னால் போட்டு ஸ்டேட்டஸ் வைத்தாள். சாயங்காலத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது. அச்சு அசல் சீரியல் மாதிரியே இருக்குது என்றார்கள். பொய் சொல்வானேன், நானே அன்றைக்கு இருபது தரம் பார்த்திருப்பேன். எனக்கும் ஒருவன் வந்துவிட்டான் என்று பெருமையாகத்தான் இருந்தது.

மாமல்லபுரத்தில் கைதட்டாமல் இருந்தவர் அக்கா ஒருவர்தான். திங்கட்கிழமை பஸ்ஸில் செல்வி அந்த வீடியோவை அவரிடம் காட்டினாள். அக்கா கையில் வாங்கிச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"சத்தத்த எடுத்துட்டுப் பாரு."

"இன்னாக்கா, ஒங்களுக்கு எல்லாமே தப்பா?"

"நான் தப்புன்னு சொன்னேனா? பாரு. பாட்டு போட்டா எல்லாமே காதலாத்தான் தெரியும்."

நான் வாங்கவில்லை. மனசில் இருந்த விஷத்தையெல்லாம் கொட்டினேன். "ஒங்களுக்கு யாராவது நல்லாயிருந்தா பொறுக்காது. அதனாலதான் அட்டைப்பெட்டி மடிக்கிறீங்க" என்றேன். அக்கா போனை செல்வியிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளிலிருந்து நான் பின்சீட்டுக்கு மாறிவிட்டேன். இரண்டு வாரம் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் என்னைத் தேடிவந்து பேசவில்லை. கல்யாணத்தை நிறுத்து என்று அந்த அக்கா என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. தெருவில் பேசுகிறவர்கள் இந்த வரியை இரண்டுதரம் படிக்கட்டும்.

இரண்டாம் ஓலையும் வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் சனிக்கிழமை மதியம், கல்யாண ஜாக்கெட்டுக்காகத் தையல்காரம்மா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நேரம் போகாமல் அந்த வீடியோவைப் போட்டேன். "பாப்பா இப்பதான் தூங்குது, சத்தத்தக் கொறைச்சுக்கம்மா" என்றார் தையல்காரம்மா. குறைத்தேன். முழுக்கவே குறைந்துவிட்டது.

பாட்டு இல்லாமல் அன்றைக்குத்தான் முதல்தடவை பார்த்தேன். என் குதிகால் இரண்டும் மணலில் ஊன்றியிருந்தன, கோடு கிழித்துக்கொண்டு போயின. ஒரு செருப்பு பின்னாலேயே கிடந்தது. இன்னொரு கை செல்வியின் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்திருந்தது, துப்பட்டாதான் அவிழ்ந்து வந்தது. என் வாய் அசைந்தது. என்ன சொல்கிறேன் என்று உற்றுப் பார்த்தேன். வலிக்குதுங்க, விடுங்க. திரும்பவும், விடுங்க. நான் அப்படிச் சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது. இருபது தரம் பார்த்தும் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

"அன்னைக்கு விடுங்கன்னு சொன்னேனே, ஏன் விடல?"

"எதை? அதையா? ஊரே பார்த்து சூப்பர்னு சொல்லிகினு கீது, ஒனக்கு இன்னா இப்ப?" என்று சிரித்தார். "அந்த பஸ்ல போற பொம்பளைங்க சகவாசமே வேணாம். கல்யாணம் ஆனதும் வேலைய வுட்டுடு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஏற்கெனவே முடிவான விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஞாயிறு காலை இரண்டாம் பூசையில் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து அந்த வாசகத்தைக் கேட்கிறேன். யாரும் எதுவும் தெரிவித்ததில்லை. தெரிவிப்பதானாலும் பூசை முடிந்து தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. எனக்கு அந்த முறை அப்போது ஞாபகம் வரவில்லை. மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, பதினைந்து எபிசோடு முடிந்துவிட்டது. எழுந்து நின்றுவிட்டேன்.

"எனக்குத் தெரியும் ஃபாதர்."

ஃபாதர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கல்யாணப் பெண்ணே எழுந்து நிற்பதை அவர் பார்த்ததில்லை போல. "யாருக்கும்மா தடை?" என்றார்.

"எனக்குத்தான். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

அப்புறம் நடந்ததை எழுதவேண்டியதில்லை. அப்பா மூன்று நாள் சாப்பிடவில்லை. அம்மா அன்று மதியமே அக்கா வீட்டு வாசலுக்குப் போய்விட்டார், நான் பின்னாலேயே ஓடினேன். அக்கா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார், அவர் வீட்டுக்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அம்மா வாயில் வந்ததெல்லாம் பேசினார். "எம் பொண்ணு மனச நீதான கெடுத்த? நீதான எழுந்து நிக்கச் சொன்ன?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அக்கா அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன். எழுந்து நில்லுன்னு சொல்லிக்குடுத்தது நான்தான். அவ சின்னப் பொண்ணு, அவளுக்கு இன்னா தெரியும்? திட்டறதெல்லாம் என்னைத் திட்டிட்டுப் போ."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முறைத்த முறைப்பில் வார்த்தை உள்ளேயே நின்றுவிட்டது. அம்மா மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தார். அன்றிலிருந்துதான் தெருவில் அந்தக் கதை.

திங்கட்கிழமை பஸ்ஸில் பழைய சீட்டுக்குப் போனேன். அக்கா பையை எடுத்து இடம் விட்டார். நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "வுடு" என்றார்.

"ஏன்க்கா பொய் சொன்னீங்க?"

"உங்கம்மா மூஞ்சியப் பார்த்தேன். அவங்களுக்குத் திட்ட ஒரு ஆளு வேணும். நீ அதே வூட்ல, அதே தட்டுல சோறு துன்னணும். எனக்கு இன்னா? ஆட்டோ ஏறினா என் வூடு."

பிறகு போனைப் பையின்மேல் சாய்த்துப் புதுத் தொடர் ஒன்றை ஆரம்பித்தார். முதலாளி மகன் ஒருவன் காரிலிருந்து இறங்கினான். "இவன் மூஞ்சே சரியில்ல. பாக்கலாம், ரெண்டு எபிசோடு டைம் குடுப்போம்" என்றார்.

அக்கா இப்போது கடப்பாக்கத்துப் பக்கம் வீடு கட்டிப் போய்விட்டார். எனக்கு நிச்சயம் செய்திருந்தவருக்கு வேறு பெண்ணோடு கல்யாணமாகி, நன்றாக வைத்திருக்கிறார் என்று என் காதுபடச் சொல்கிறார்கள். நன்றாக இருக்கட்டும். நான் நிறுத்தியது தப்பாகவே இருக்கட்டும். அன்றைக்கு என் கை வலித்தது, விடச் சொன்னேன், விடவில்லை. அதை யார் வந்து இல்லையென்று சொன்னாலும் நான் கேட்கமாட்டேன்.

அட்டைப்பெட்டி மடித்தாலும் மடிப்பேன், காரணத்தை மாற்றி எழுதமாட்டேன் என்று நின்ற பொம்பளை அவர். அவர் மாற்றி எழுதியது ஒரே ஒரு தடவை, எனக்காக. இத்தனை வருஷம் அந்தப் பொய்யின் நிழலில் நான் சௌகரியமாக உட்கார்ந்திருந்துவிட்டேன். இனிமேல் முடியாது. அந்த ரெஜிஸ்டரை நானே திருத்துகிறேன்.

நேரம்: ஞாயிறு, இரண்டாம் பூசை.

நிறுத்தியவர்: நான்.

காரணம்: கை.